காற்றாலை: தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்குச் சொந்த ஊர் பாலக்கோடு பக்கம். உடுமலைப்பேட்டை, பூளவாடி வட்டாரத்துக் காற்றாலைகளில் பதினோரு வருஷம் பராமரிப்பு வேலை பார்த்தேன். ஊருக்கு வரும்போதெல்லாம் யாராவது கேட்பார்கள். டீக்கடையில் கேட்பார்கள், கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்பார். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

காற்றிலிருந்து கரண்ட் எப்படி வருகிறது?

காற்று இறக்கையைப் பிடித்துத் தள்ளுகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கிட்டப் போய்ப் பார்த்தால் இறக்கையின் குறுக்குவெட்டு மீன் வடிவத்தில் இருக்கும். முன்பக்கம் பருத்து, பின்பக்கம் கத்தி முனை போல மெலிந்திருக்கும். விமான இறக்கைக்கும் இதே வடிவம்தான். காற்று இதன் இரண்டு பக்கமும் வழுக்கிக்கொண்டு போகும்போது ஒரு பக்கம் அழுத்தம் குறைகிறது. குறைந்த பக்கம் நோக்கி இறக்கை இழுபடுகிறது. தள்ளுவதைவிட இந்த இழுப்புக்கு விசை அதிகம்.

சுற்றுகிற தண்டு, டவர் உச்சியில் இருக்கும் பெட்டிக்குள் போகிறது. அந்தப் பெட்டிக்கு நாசெல் என்று பெயர். கீழிருந்து பார்த்தால் தீப்பெட்டி மாதிரி தெரியும். உள்ளே போனால் ஒரு மினி பஸ் அளவு இருக்கும். பெரும்பாலான மெஷின்களில் தண்டு முதலில் கியர்பாக்ஸுக்குப் போகும், அங்கிருந்து ஜெனரேட்டருக்கு. பெரும்பாலும் 690 வோல்ட்டில் மின்சாரம் உண்டாகி, டிரான்ஸ்பார்மரில் 33,000 வோல்ட்டாக ஏறி, சப்ஸ்டேஷனுக்குப் போய்விடும். நாசெலுக்கு மேலே சின்னதாக ஒரு காற்றுத் திசைகாட்டியும் வேகமானியும் இருக்கும். காற்று திசை மாறினால் மோட்டார்கள் மொத்த நாசெலையும் மெல்லத் திருப்பிக் காற்றுக்கு நேராக நிறுத்தும்.

இவ்வளவு மெதுவாகச் சுற்றுகிறதே, இதில் என்ன கரண்ட் வந்துவிடும்?

மெதுவாகத் தெரிவது கண்ணுக்கு மட்டும்தான். 60 மீட்டர் நீள இறக்கை நிமிடத்துக்கு 12 சுற்று சுற்றுகிறது என்று வையுங்கள். நுனி ஒரு சுற்றில் போகும் தூரம் 377 மீட்டர். கணக்குப் போட்டால் நுனியின் வேகம் விநாடிக்கு 75 மீட்டர், அதாவது மணிக்கு 270 கிலோமீட்டர். நான்கு வழிச்சாலையில் எந்தக் காரும் அந்த வேகத்துக்கு வராது.

ஆனால் ஜெனரேட்டருக்கு 12 சுற்று பற்றாது. சாதாரண ஜெனரேட்டர் நிமிடத்துக்கு ஆயிரத்துக்கு மேல் சுற்ற வேண்டும். அதனால்தான் நடுவில் ஏறக்குறைய நூறு மடங்கு வேகம் கூட்டும் கியர்பாக்ஸ். இந்த மெஷினில் எனக்கு அதிகம் பயம் கொடுத்த உறுப்பு அதுதான். ஆயில் பில்டரைக் கழற்றி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்போம். எண்ணெய்க்குள் ஜிகினா தூவியது போல மினுமினுப்பு தெரிந்தால், உள்ளே ஏதோ ஒரு பேரிங் தேய ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அப்போதே கவனித்தால் சிறு செலவோடு போகும். விட்டுவிட்டால் பெரிய கிரேன் வர வேண்டும்.

கியர்பாக்ஸே இல்லாத வகையும் உண்டு. அதில் ஜெனரேட்டர் ரொம்பப் பெரிய விட்டத்தில், நிறைய காந்த முனைகளோடு இருக்கும். இறக்கையின் வேகத்திலேயே சுற்றி மின்சாரம் தரும்.

ஏன் மூன்றே இறக்கை? ஆறு இருந்தால் இரண்டு மடங்கு வராதா?

வராது. 1888-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் சார்லஸ் பிரஷ் என்பவர் தன் வீட்டுக்குப் பின்னால் ஒரு காற்றாலை கட்டினார். 17 மீட்டர் விட்டம், 144 மர இறக்கைகள். கிடைத்தது வெறும் 12 கிலோவாட். சில வருஷங்களில் டென்மார்க்கில் பால் லா கூர் என்ற ஆசிரியர் சோதித்துப் பார்த்து, குறைந்த இறக்கையோடு வேகமாகச் சுற்றுவதே மின்சாரத்துக்கு ஏற்றது என்று கண்டார். 1957-இல் அதே நாட்டில் கெட்சர் என்ற இடத்தில் நிறுவிய மெஷினுக்கு மூன்று இறக்கை, 24 மீட்டர் விட்டம், திறன் 200 கிலோவாட். பிரஷ் கட்டியதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

தண்ணீர் இறைக்கும் பழைய காற்றாலைகளில் நிறைய தகடு இருக்கும். அங்கே வேகம் வேண்டாம், பம்பு தண்டைத் தூக்கும் விசை வேண்டும். வேலை வேறு, அதனால் அமைப்பும் வேறு. இரண்டு இறக்கை வைத்தாலும் மின்சாரம் வரும், செலவும் குறையும். ஆனால் இறக்கைகள் செங்குத்தாக நிற்கும்போது நாசெல் லேசாகத் திரும்பும், படுக்கையாக இருக்கும்போது கனமாகத் திரும்பும். அந்த உலுக்கல் டவரைப் பாதிக்கும். மூன்றில் எடை சமமாகப் பரவிவிடுகிறது.

காற்றில் உள்ள சக்தி முழுவதையும் எடுத்துவிட முடியுமா?

முடியாது. முழுதும் எடுத்தால் இறக்கைக்குப் பின்னால் காற்று அப்படியே நின்றுவிடும். கோயில் வரிசையில் சாமி பார்த்தவர் நகராமல் நின்றால் பின்னால் இருப்பவர் எப்படி உள்ளே வருவார்? அது போலத்தான். எடுக்கக்கூடிய உச்ச அளவு 59.3 சதவீதம் என்று ஆல்பர்ட் பெட்ஸ் என்ற ஜெர்மானியர் 1920 வாக்கில் கணக்கிட்டுக் காட்டினார். இன்றைய நல்ல மெஷின்கள் 45 சதவீதம் அளவுக்கு எடுக்கின்றன.

உடுமலையிலும் ஆரல்வாய்மொழியிலும் காடு மாதிரி நிற்கின்றனவே, நம்ம பக்கம் ஏன் அப்படி இல்லை? ஆடி மாசம் இங்கேயும் காற்று அடிக்கிறதே?

இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் மற்ற கேள்விகளில் பாதிக்குப் பதில் தெரிந்த மாதிரி.

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதிலுள்ள சக்தி இரண்டு மடங்காவதில்லை, எட்டு மடங்காகிறது. மூன்று மடங்கானால் இருபத்தேழு மடங்கு. விநாடிக்கு 5 மீட்டர் வீசும் இடத்துக்கும் 7 மீட்டர் வீசும் இடத்துக்கும் நின்று பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியாது. இரண்டிலும் துண்டு பறக்கும், புழுதி கிளம்பும். ஆனால் 7 மீட்டர் காற்றில் உள்ள சக்தி ஏறக்குறைய இரண்டே முக்கால் மடங்கு அதிகம். அதனால்தான் கண்ணாலும் முகத்தில் படுவதாலும் காற்றை எடை போடக்கூடாது என்று எல்லாரிடமும் சொல்கிறேன்.

மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குப் பருவக்காற்றுக்கு எதிரே நீளச் சுவர் போல நிற்கிறது. அதில் பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி, கம்பம் என்று சில வாய்கள். மே மாசம் தொடங்கிச் செப்டம்பர் வரை அந்தப் பக்கம் கடல் காற்று முட்டிக்கொண்டு நிற்கும்; இந்தப் பக்கம் சமவெளி கொதித்துக் கிடக்கும். இடையில் இருக்கும் வாய் வழியாகக் காற்று நெருக்கியடித்துக்கொண்டு வெளியே வரும். தோட்டத்தில் ஓஸ் பைப்பின் வாயைக் கட்டை விரலால் அழுத்தினால் தண்ணீர் சீறுமே, அது போல.

தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் மேற்கே அப்படி ஒரு வாய் இல்லை. மைசூர் பீடபூமியின் மேடு பள்ளம், காடு, ஊர் எல்லாவற்றையும் உரசிக்கொண்டுதான் காற்று நம்மிடம் வருகிறது. பீடபூமி என்றாலே காற்று இருக்காது என்றும் சொல்லிவிட முடியாது. கர்நாடகத்துச் சித்ரதுர்காவில் மலை முகடுகளின் மேல் வரிசையாகக் காற்றாலைகள் நிற்கின்றன. ஆகவே மாவட்டத்தைப் பார்க்காதீர்கள், இடத்தைப் பாருங்கள்.

இன்னொன்று, உயரம் கூடக் கூடக் காற்று லேசாகிறது. கடல் மட்டத்தில் ஒரு கன மீட்டர் காற்று 1.2 கிலோவுக்குச் சற்று மேலே இருக்கும். ஓசூர் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே அது ஏறக்குறைய 1.1 கிலோதான். அதே வேகத்தில் வீசினாலும் சக்தி ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறையும்.

தொப்பூரும் கணவாய்தானே?

சாலைக்கு அது கணவாய்தான். லாரி ஓட்டுநர்களைக் கேட்டால் தெரியும். ஆனால் பாலக்காட்டுக் கணவாய் சுமார் 30 கிலோமீட்டர் அகலம், இரண்டு பக்கமும் 2,000 மீட்டரை எட்டும் மலைகள், மலையின் ஒரு பக்கம் கடல் காற்று, மறுபக்கம் வெந்த நிலம். தொப்பூரில் மலை சிறிது, இரண்டு பக்கமும் ஒரே மாதிரிக் காற்றும் வெப்பமும். இறக்கத்தில் பைக்கில் போகும்போது சட்டை படபடக்கும், உண்மை. வருஷம் முழுக்க மெஷினை ஓட்ட அது போதாது.

அப்படியென்றால் மலை மேல் வைக்கலாமே? வத்தல்மலை, அஞ்செட்டிப் பக்கம்?

முகட்டில் காற்று கூடும் என்பது சரி. இறக்கையை எப்படி மேலே கொண்டுபோவது என்பதுதான் சிக்கல்.

ஒரு நாள் விடியற்காலை தொப்பூருக்கு முன்னால் ஒரு இறக்கை லாரி ஓரங்கட்டி நின்றது. டீ குடிக்கப் போனவன், டீயை மறந்துவிட்டு அதைச் சுற்றி நடந்தேன். அடிப்பகுதி வட்டம் என் தலைக்கு மேலே போனது. அந்த வட்டத்தைச் சுற்றி ஓரத்தில் போல்ட்டுகள் நெருக்கமாக வரிசை கட்டி நின்றன. அங்கிருந்து நுனிக்கு நடக்க எண்பதுக்கு மேல் எட்டு வைத்தேன். உள்ளே பெரும்பாலும் வெற்றிடம்தான். கண்ணாடி இழையும் பிசினும், நடுவில் தக்கை போல லேசான பால்சா மரமும் சேர்ந்து செய்தது. நுனிக்குக் கிட்டே ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு உலோக வட்டம் பதிந்திருந்தது. இடி விழுந்தால் அதை வாங்கி, உள்ளே ஓடும் கம்பி வழியாகத் தரைக்கு இறக்குவதற்கு. லாரியின் பின் சக்கரங்களைத் தனியாகத் திருப்ப ஓர் ஆள் இருந்தார்.

நான்கு வழிச்சாலையிலேயே அவ்வளவு பாடு. கொண்டை ஊசி வளைவில் அது எப்படித் திரும்பும்? மலையை வெட்டிச் சாலை போட வேண்டும், மேலே கிரேன் நிற்கச் சமதளம் வேண்டும். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் யானை நடமாடும் காடு, வன உயிரினச் சரணாலயம் இருக்கிறது. அந்தக் காட்டை வெட்டி எடுக்கும் மின்சாரத்துக்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

வீட்டு மாடியில் சின்னதாக ஒன்று வைத்துக்கொள்ளலாமா?

இதை மனசு வலித்துத்தான் எழுதுகிறேன். காவேரிப்பட்டணத்தில் என் தங்கை வீட்டுக்காரர் ஒன்று வாங்கி வைத்தார். ‘ஒரு கிலோவாட்’ என்று தகட்டில் எழுதியிருந்தது. விற்க வந்தவர் விரலால் சுண்டிக் காட்டியதும் அழகாகச் சுற்றியதாம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். “உங்களுக்குச் சொல்லாமல் வைத்துக் காட்டலாம் என்று இருந்தேன் மச்சான்” என்றார்.

கணக்கைப் பாருங்கள். இறக்கை சுற்றும் வட்டம் 2 மீட்டர் விட்டம், பரப்பு 3.14 சதுர மீட்டர். விநாடிக்கு 12 மீட்டர் வேகத்தில் காற்று வீசினால் சுமார் 900 வாட் வரும். தகட்டில் இருப்பது அந்தக் கணக்கு. மணிக்கு 43 கிலோமீட்டர் வேகத்தில் வீசினால்தான் அது. மாடியில் சாதாரணமாகக் கிடைக்கிற 4 மீட்டர் காற்றில் வருவது 33 வாட், பழைய குழல்விளக்கு ஒன்றுக்கும் காணாது. நாள் முழுக்க அதே வேகத்தில் வீசினாலும் முக்கால் யூனிட் சொச்சம்தான். ஒரு கிலோவாட் சோலார் பேனல் நம்ம வெயிலில் நாளைக்கு 4 யூனிட் தரும்.

நான் மாடிக்குப் போய் ஒரு குச்சியில் ரிப்பனைக் கட்டிப் பிடித்துப் பார்த்தேன். ஒரு பக்கம் தண்ணீர்த் தொட்டி, இன்னொரு பக்கம் தென்னை. ரிப்பன் ஒரு நொடி நீளும், அடுத்த நொடி என் கையையே சுற்றிக்கொள்ளும், பிறகு தொங்கிவிடும். அப்புறம் பைப்புகளை ஒன்றோடொன்று இணைத்துத் தென்னங்கீற்றுக்கு மேலே உயர்த்தினோம். அங்கே ரிப்பன் நேராக நீட்டி நின்றது. கீழே இருந்தது சுழல், மேலே இருந்ததுதான் காற்று. சுழலில் இறக்கை ஒவ்வொரு நொடியும் திசை தேடி அலைகிறது; மின்சாரமும் வராது, பேரிங்கும் சீக்கிரம் போய்விடும். வைத்தே ஆக வேண்டும் என்றால் சுற்றுப்புற மரம், கட்டடம் எல்லாவற்றையும்விட நன்றாக உயர்ந்த கம்பத்தில் வையுங்கள். அந்தக் கம்பத்துக்கு ஆகும் செலவுக்குப் பேனல் வாங்கிவிடலாம்.

காத்தாடி வந்தால் மழை வராதாமே? மேகத்தை விரட்டிவிடுமாமே?

உடுமலைப் பக்கம் விவசாயிகள் என்னிடம் கோபமாகவே கேட்டிருக்கிறார்கள். அவர்கள் கோபத்தை நான் குறை சொல்ல மாட்டேன். வானம் பார்த்த பூமிக்காரனுக்கு மழைதான் எல்லாம், நம்ம மாவட்டத்துக்கும் அது தெரியும்.

மழை மேகம் பெரும்பாலும் ஆயிரம் மீட்டர், அதற்கும் மேலே இருக்கும். இறக்கையின் நுனி எட்டுவது பெரிய மெஷின்களிலேயே 200 மீட்டர் வாக்கில்தான். மேகத்தை அது தொடுவதில்லை. மெஷினுக்குப் பின்னால் தரையை ஒட்டிய காற்று கலங்குவதால் அங்கே வெப்பநிலை சிறிது மாறுவதை அளந்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

பிறகு ஏன் காற்றாலை இருக்கும் ஊர்களெல்லாம் வறண்டு கிடக்கின்றன? மழையைக் கேரளத்துப் பக்கம் இறக்கிவிட்டு வறண்ட காற்றை மட்டும் இந்தப் பக்கம் அனுப்புவது அதே மேற்கு மலைதான். காற்றையும் வறட்சியையும் சேர்த்தே அது கொடுக்கிறது. வறட்சி முன்பே இருந்தது, காற்று இருக்கிறதென்று மெஷின் பிறகு வந்தது.

காற்று நன்றாக வீசும்போதே சில மெஷின் நிற்கிறதே?

காரணம் பல. விநாடிக்கு 3 மீட்டர் வாக்கில் மெஷின் ஓட ஆரம்பிக்கும். 11, 12 மீட்டர் வாக்கில் முழுத் திறனுக்கு வரும். அதற்கு மேலே காற்று கூடினாலும் மின்சாரம் கூடாது. இறக்கை தன் அச்சில் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி, மிச்சக் காற்றைச் சும்மா விட்டுவிடும். 25 மீட்டரைத் தாண்டினால், அதாவது மணிக்கு 90 கிலோமீட்டர், முழுவதும் திரும்பி நின்றுவிடும். லைன் கரண்ட் போனாலும் இந்தத் திருப்பம் நடந்தாக வேண்டும் என்பதற்காக இறக்கைகள் வந்து சேரும் நடுப்பகுதியான ஹப்புக்குள் பேட்டரியோ ஹைட்ராலிக் அழுத்தமோ தயாராக வைத்திருப்பார்கள். அது வேலை செய்யாவிட்டால் மெஷின் கட்டுக்கடங்காமல் சுற்றித் தன்னையே உடைத்துக்கொள்ளும்.

மற்றபடி பராமரிப்புக்காக நிற்கலாம். கிரிட்டில், அதாவது ஊரெல்லாம் இணைக்கும் பொது மின்கட்டமைப்பில், மின்சாரம் மிஞ்சியதால் நிறுத்தச் சொல்லியும் இருக்கலாம். காற்று இருந்து நிறுத்தினால் வேலை பார்க்கிற எங்களுக்கே பொறுக்காது.

காற்று ஏறி இறங்கினால் கரண்ட்டும் ஏறி இறங்காதா?

அளவு ஏறி இறங்கும். ஆனால் கிரிட்டின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 50 சுழற்சி. அதை மாற்ற முடியாது. பழைய மெஷின்களில் ஜெனரேட்டர் கிரிட்டின் வேகத்தோடு கட்டுண்டு கிடக்கும். திடீரென்று பலத்த காற்று மோதினால் அந்த அடி நேராகக் கியர்பாக்ஸில் விழும். இப்போதைய மெஷின்களில் இறக்கையின் வேகத்தைக் காற்றுக்குத் தகுந்தபடி விட்டுவிடுகிறார்கள். மின்னணுக் கருவிகள் நடுவில் நின்று, வருவதை 50 ஹெர்ட்ஸாக மாற்றி அனுப்புகின்றன. ஒரு வகையில் மொத்த மின்சாரமும் அந்தக் கருவி வழியாகப் போகும். இன்னொரு வகையில் மூன்றில் ஒரு பங்கு போனால் போதும், கருவியின் விலையும் குறையும்.

ஒரு பெரிய மெஷின் வருஷத்துக்கு எத்தனை யூனிட் தரும்?

2 மெகாவாட் மெஷின் வருஷம் முழுக்க முழுத் திறனில் ஓடாது. நல்ல இடத்தில் கால்பங்கு என்று வைத்தால் 43 லட்சம் யூனிட்டுக்கு மேல். மாசம் 200 யூனிட் செலவழிக்கும் வீடுகள் 1,800-க்குப் போதும். ஆனால் அதில் பெரும்பகுதி மே முதல் செப்டம்பருக்குள் வந்துவிடும்.

ஓசூரில் ஃபேக்டரி வைத்திருக்கிறேன். எனக்கு இதில் ஏதாவது உண்டா?

உங்களுக்குத்தான் நிறைய உண்டு. மெஷின் ஃபேக்டரிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டியதில்லை. காற்று இருக்கிற உடுமலையிலோ திருநெல்வேலிப் பக்கமோ நிற்கலாம். மின்வாரிய லைனில் ஏற்றி, அதற்குரிய கட்டணத்தைக் கட்டி, ஓசூரில் உங்கள் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். நூற்பாலைகள் ரொம்ப நாளாக இப்படித்தான் செய்கின்றன. பல பேர் சேர்ந்தும் வைக்கலாம். அதற்கு, பயன்படுத்துகிறவர்கள் கையில் குறைந்தது 26 சதவீதப் பங்கு இருக்க வேண்டும், உற்பத்தியில் 51 சதவீதமாவது அவர்களே பயன்படுத்த வேண்டும் என்பது 2005-ஆம் வருஷ மின்சார விதி. கட்டணமும், மிஞ்சிய மின்சாரத்தை வரவு வைக்கும் விதிகளும் அவ்வப்போது மாறும்; கையெழுத்துப் போடும் முன் அன்றைய ஆணையைப் படியுங்கள்.

பழைய சின்ன மெஷின்களை ஏன் எடுக்கிறார்கள்? ஓடிக்கொண்டுதானே இருக்கிறது?

தமிழ்நாட்டில் 1986-இல் தூத்துக்குடிப் பக்கம் முள்ளக்காட்டில் தொடங்கிய வேலை இது. முதலில் வந்தவர்கள் காற்று அதிகமுள்ள இடங்களையெல்லாம் பிடித்துக்கொண்டார்கள். அங்கே 225, 250 கிலோவாட் மெஷின்கள் 30 மீட்டர் டவரில் நிற்கின்றன. 30 மீட்டரிலிருந்து 120 மீட்டருக்குப் போனால், திறந்த வெளியிலேயே வேகம் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடும். வேகம் இரண்டு மடங்கானால் சக்தி எட்டு மடங்கு என்று முன்னே சொன்ன கணக்கில் சக்தி ஏறக்குறைய 80 சதவீதம் கூடும். நல்ல காற்றை அடியில் மட்டும் பிடித்துக்கொண்டு மேலே விட்டுவிடுகிறோம். அதனால்தான் பழையதை எடுத்துப் புதிதாக வைக்க 2024-இல் தமிழ்நாடு அரசு ஒரு கொள்கை கொண்டுவந்தது. கழற்றிய இறக்கையை என்ன செய்வது என்பதற்கு மட்டும் நல்ல வழி இன்னும் வரவில்லை. கண்ணாடி இழையும் பிசினும் இறுகியதை உருக்கிப் பிரிக்க முடியாது. துண்டாக்கி சிமெண்ட் சூளையில் போடுவது ஒரு வழி.

மகன் டிப்ளமோ முடித்திருக்கிறான். இந்த வேலைக்கு அனுப்பலாமா?

உயரத்துக்குப் பயப்படாதவன் என்றால் அனுப்புங்கள். எலக்ட்ரிகல், மெக்கானிகல் இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் தெரிந்தவனுக்கு மதிப்பு. டவருக்குள் ஏணியில் 80 மீட்டர் ஏற வேண்டும், இடுப்பில் பெல்ட்டும், போல்ட்டை அளவாக முறுக்கும் டார்க் ரெஞ்சு கையிலுமாக. சித்திரையில் நாசெல் உள்ளே உலைக்களம் போல இருக்கும். பெல்ட் கொக்கியை ஒரு தடவைகூட மாட்டாமல் இருக்காதே என்று மட்டும் அவனிடம் சொல்லுங்கள். நாங்கள் ஜோடி ஜோடியாக ஏறி, ஒருவர் கொக்கியை மற்றவர் இழுத்துப் பார்த்த பிறகுதான் அடுத்த படி வைப்போம்.

நிலம் கேட்டு யாராவது வந்தால் என்ன கேட்க வேண்டும்?

முதலில், இங்கே காற்றை அளந்தீர்களா, எந்த உயரத்தில், எத்தனை மாசம் என்று கேளுங்கள். ஒரு முழு வருஷமாவது கம்பம் நட்டு அளந்திருக்க வேண்டும். ஆடி மாசத்தை மட்டும் அளந்துவிட்டு வருஷக் கணக்கு சொன்னால் நம்பாதீர்கள். சென்னைப் பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் காற்றாற்றல் நிறுவனம் நாடு முழுவதற்கும் காற்று வரைபடம் வெளியிட்டிருக்கிறது. உங்கள் ஊரை அதில் தேடிப் பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்து வீடு. குடியிருப்பிலிருந்து 500 மீட்டருக்குள் வைக்கக்கூடாது என்று மத்திய அரசின் 2016 வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. சத்தம்தான் காரணம். ராத்திரி ஊர் அடங்கிய பிறகு, இறக்கை ஒவ்வொன்றும் கீழே வரும்போது ‘உஷ்… உஷ்…’ என்று கேட்கும்.

பிறகு கிரேன். மெஷினை நிறுவிப் பத்து வருஷம் கழித்து ஒரு கியர்பாக்ஸ் மாற்ற அதே பெரிய கிரேன் அதே வழியில் திரும்ப வரும். ஆகையால் அந்தப் பாதையிலும் கிரேன் நிற்கும் இடத்திலும் மாங்கன்றோ தென்னையோ வைக்க முடியாது. எவ்வளவு நிலம் அப்படிப் போகும் என்பதைப் பத்திரத்தில் அளவோடு எழுதி வாங்குங்கள்.

கடைசியாக அஸ்திவாரம். பெரிய மெஷினுக்குப் பதினைந்து, இருபது மீட்டர் அகலத்துக்கு, பல நூறு கன மீட்டர் கான்கிரீட் மண்ணுக்குள் போகும். இருபது, இருபத்தைந்து வருஷம் கழித்து மெஷினைக் கழற்றிக்கொண்டு போவார்கள். கான்கிரீட் அங்கேயே கிடக்கும். அதை யார் உடைத்து எடுப்பது, எத்தனை அடி ஆழம் வரை எடுப்பது என்பதும் அதே பத்திரத்தில் இருக்கட்டும். கேழ்வரகுக்கு ஏர் ஓட்டப் போகிறவர் உங்கள் பேரனாக இருப்பார்.